பெங்களூர்த் தொட்டியில் பாடம் கற்ற டாக்டர்

கொசு கடித்தால் மலேரியா வரும் என்பது இன்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் 1897-ம் ஆண்டு வரை உலகத்தில் எந்த டாக்டருக்கும் இது நிச்சயமாகத் தெரியாது. சதுப்பு நிலத்திலிருந்து கிளம்பும் கெட்ட காற்றுதான் இந்தக் குளிர்காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று நம்பினார்கள். மலேரியா என்ற பெயருக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள்.

அந்த நம்பிக்கையை உடைத்தவர் சர் ரொனால்ட் ராஸ். நோபல் பரிசு பெற்ற முதல் பிரிட்டிஷ்காரர் அவர். இந்திய மண்ணில் பிறந்து அந்தப் பரிசை வாங்கிய முதல் மனிதரும் அவரே.

ராஸ் என்றதும் செகந்தராபாத்தையும் கல்கத்தாவையும் சொல்வார்கள். பெங்களூரை நினைப்பவர்கள் குறைவு. ஆனால் கொசுவை ஒழிக்கும் வழியின் முதல் பாடத்தை அவர் கற்றது பெங்களூரில்தான். அதுவும் ஆராய்ச்சிச் சாலையில் அல்ல. ஜன்னலுக்கு வெளியே கிடந்த ஒரு தண்ணீர்த் தொட்டியில்!

நோயின் காரணத்தைக் கண்டுபிடிக்க அவருக்குச் சில ஆண்டுகளே பிடித்தன. வீட்டைச் சுற்றித் தேங்கும் தண்ணீரைக் கவனியுங்கள் என்று மற்றவர்களை ஒப்புக்கொள்ள வைக்கவோ, அவருடைய ஆயுள் போதவில்லை.

கவிஞராக விரும்பிய பையன்

ராஸ் பிறந்தது இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில். தேதி 1857 மே 13. மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மூன்றே நாட்கள் ஆகியிருந்தன. தகப்பனார் இந்திய ராணுவத்தில் ஆபீசர். பின்னால் ஜெனரல் ஆனவர். பத்துக் குழந்தைகளில் ராஸ்தான் மூத்தவர்.

எட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பையனுக்குக் கவிதையில் ஆசை, ஓவியத்தில் ஆசை, சங்கீதத்திலும் ஆசை. டாக்டர் படிப்பில் மட்டும் ஆசை இல்லை. ஆனால் தகப்பனார் முடிவு செய்துவிட்டார். மகன் டாக்டராகி இந்திய மருத்துவ சர்வீசில் சேரவேண்டும். அந்தக் காலத்தில் தகப்பன் சொல்லுக்கு மறுசொல் ஏது?

லண்டனில் புனித பார்த்தலோமியு ஆஸ்பத்திரிக் கல்லூரியில் சேர்ந்தார். பாடப் புத்தகத்தை விடப் பாட்டும் நாடகமும்தான் அவரை இழுத்தன. ஒரு பரீட்சையில் தேறினார். இன்னொன்றில் தவறினார். கொஞ்ச காலம் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஓடும் கப்பலில் டாக்டராக வேலை பார்த்தார். பிறகு தவறிய பரீட்சையையும் முடித்து, 1881-ல் இந்திய மருத்துவ சர்வீசில் சேர்ந்தார். தேர்ச்சிப் பட்டியலில் அவர் பெயர் கீழ்ப்பக்கம்தான் இருந்தது. அதனால் பலரும் விரும்பிய வங்காள மாகாணம் கிடைக்கவில்லை. சென்னை மாகாணம் கிடைத்தது.

பட்டாள டாக்டர்களுக்கு வேலை அதிகம் இல்லாத காலம் அது. காலையில் ஆஸ்பத்திரியைச் சுற்றி வந்தால் அன்றைய வேலை முடிந்தது. மீதி நேரத்தில் ராஸ் கவிதை எழுதினார். நாவல் எழுதினார். ஆசிரியர் இல்லாமலே உயர்ந்த கணிதம் படித்தார். சென்னை, பெங்களூர், விஜயநகரம், பர்மா, அந்தமான் என்று மாற்றல் உத்தரவு வந்த இடமெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். போன இடமெல்லாம் சிப்பாய்கள் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். கொயினா கொடுப்பதைத் தவிர டாக்டருக்கு வேறு வழி தெரியவில்லை.

பங்களாவில் கிடந்த தொட்டி

1883-ம் ஆண்டு பெங்களூர்த் தண்டுப் பகுதியில், பட்டாளத்தின் தற்காலிகச் சர்ஜனாக ராஸ் நியமிக்கப்பட்டார். அப்போது வயது 26. ஊர் அவருக்குப் பிடித்துவிட்டது. குளிர்ந்த காற்று, தங்குவதற்கு நல்ல பங்களா. குறை ஒன்றே ஒன்றுதான். கொசு!

அதிலும் ஒரு விந்தை இருந்தது. பங்களாவின் மற்ற அறைகளை விட அவருடைய அறையில்தான் கொசு அதிகம். ராஸ் காரணம் தேடினார். அவருடைய ஜன்னலுக்கு வெளியே ஒரு தொட்டி இருந்தது. அதில் தண்ணீர் நின்றது. தண்ணீர் முழுக்க நெளிபுழுக்கள். அத்தனையும் நாளைக்குக் கொசுவாகப் பறக்கப் போகிறவை.

ராஸ் தொட்டியைக் கவிழ்த்தார். கொசுத் தொல்லை சட்டென்று குறைந்தது.

அவருக்கு வியப்புத் தாங்கவில்லை. கொசுவுக்கு இறக்கை முளைத்த பிறகு கையால் அடிப்பதும் புகை போடுவதும் பாதி வேலைதான். இறக்கை முளைக்கும் முன்பே, தண்ணீரில் இருக்கும்போதே தீர்த்துவிட்டால் தொல்லை அடியோடு போகும். இதற்கு மருந்தும் வேண்டாம்; பணமும் வேண்டாம்.

உடனே பட்டாளத்தின் நிர்வாக அதிகாரியான அட்ஜுடண்டிடம் போய்ச் சொன்னார். ஆபீசர்கள் சாப்பிடும் மெஸ்ஸைச் சுற்றித் தோட்டத் தொட்டிகள் இருந்தன. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் தண்ணீர்த் தகரங்கள் இருந்தன. பூ ஜாடிகளும் இருந்தன. அத்தனையிலும் கொசுப்புழு. ஆள் விட்டு இவற்றைக் கவிழ்த்தால் மெஸ்ஸில் கொசுவே இராது என்பது ராஸின் யோசனை.

அதிகாரி கேலி செய்தார். அது இயற்கைக்கு விரோதம் என்றார். கொசுவும் ஏதோ ஒரு காரியத்துக்காகப் படைக்கப்பட்ட பிராணி. அதைப் பொறுத்துக்கொள்வதுதான் மனிதன் கடமை என்றார். அப்படியானால் மூட்டைப்பூச்சியையும் தெள்ளுப்பூச்சியையும் பொறுத்துக்கொண்டுதானே இருக்கவேண்டும் என்று ராஸ் எவ்வளவோ வாதாடிப் பார்த்தார். பயன் இல்லை. ஒரு தகரத்தைக்கூட யாரும் கவிழ்க்கவில்லை.

கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தம் உண்டு என்ற எண்ணம் அப்போது ராஸுக்கும் கிடையாது. தூக்கம் கெடுகிறதே என்ற கவலைதான். ஆனால் அன்று அவர் கண்டது பிற்காலத்தில் அவருடைய வாழ்நாள் வேலையாகவே ஆகிவிட்டது.

லண்டனில் திறந்த கண்

1888-ல் ராஸ் விடுமுறையில் இங்கிலாந்து போனார். சுகாதாரப் படிப்பில் டிப்ளமோ வாங்கினார். கிருமி ஆராய்ச்சியும் கற்றார். 1889-ல் ரோசா பெஸ்ஸி ப்ளாக்ஸம் என்ற பெண்ணை மணந்துகொண்டு இந்தியா திரும்பினார்.

மலேரியாவைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்து அப்போது முற்றிலும் தவறு. குடலில் உண்டாகும் கோளாறுதான் காய்ச்சலுக்குக் காரணம் என்று அவர் எண்ணினார். அல்ஜீரியாவில் இருந்த பிரெஞ்சு ராணுவ டாக்டர் லாவரான், மலேரியா நோயாளியின் ரத்தத்தில் ஒரு நுண்ணுயிர் இருப்பதை 1880-லேயே கண்டிருந்தார். ராஸும் தம் மைக்ராஸ்கோப்பில் தேடினார். கிடைக்கவில்லை. அதனால் அதை நம்பவும் இல்லை.

1894-ல் மறுபடியும் லண்டன் போனபோது டாக்டர் பாட்ரிக் மான்ஸனைச் சந்தித்தார். மான்ஸன் சீனாவில் பல ஆண்டுகள் இருந்தவர். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழு கொசுவின் உடலில் வளர்வதை 1877-ல் கண்டவர். அவர் ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, லாவரான் சொன்ன நுண்ணுயிரை ராஸுக்கு நேரிலேயே காட்டினார். மலேரியாக் கிருமியும் கொசுவின் உடலுக்குள் போய்த்தான் வளரவேண்டும் என்பது தம் ஊகம் என்றும் சொன்னார்.

ராஸின் வாழ்க்கை அன்றோடு திசை மாறியது. கவிதைக்காரர் கொசுக்காரர் ஆனார்.

ஆனால் மான்ஸனின் ஊகத்திலும் ஒரு பிழை இருந்தது. கொசு ஒரு முறை ரத்தம் குடித்து, தண்ணீரில் முட்டையிட்டுச் செத்துவிடும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்குக் காய்ச்சல் வரும் என்று அவர் நினைத்தார். கடியின் மூலமாகவே நோய் பரவும் என்பது அவருக்கும் தோன்றவில்லை.

தப்பான கொசு

1895-ல் ராஸ் செகந்தராபாத்துக்கு வந்து சேர்ந்தார். மலேரியா நோயாளிகளைக் கொசுவலைக்குள் படுக்க வைத்துக் கொசுக்களை விட்டுக் கடிக்கச் செய்தார். அதற்குக் கூலியும் கொடுத்தார். பிறகு அந்தக் கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். கொசு செத்த தண்ணீரை, சம்மதித்த சிலருக்குக் குடிக்கக் கொடுத்தும் பார்த்தார். ஒன்றும் நிரூபணமாகவில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் பெங்களூரில் காலரா பரவியது. அதைக் கட்டுப்படுத்த ராஸை அங்கே அனுப்பினார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தொட்டியைக் கவிழ்த்த அதே ஊர். கிணறு, சாக்கடை, குப்பை என்று அலையும் வேலை. ஓர் ஊரின் ஆரோக்கியம் ஆஸ்பத்திரியில் இல்லை, அதன் தண்ணீரிலும் சாக்கடையிலும்தான் இருக்கிறது என்பதை அவர் கண்ணால் கண்டார்.

இடையிடையே கொசு ஆராய்ச்சியும் நடந்தது. அவருக்குச் சுலபமாகக் கிடைத்தவை இரண்டு வகைக் கொசுக்கள். ஒன்று சாம்பல் நிறம். மற்றொன்று உடம்பில் வரி போட்டது. இரண்டும் வீட்டுத் தொட்டியிலும் பானையிலும் வளர்பவை. அவற்றைத்தான் மாதக்கணக்கில் அறுத்துக்கொண்டிருந்தார். மலேரியாக் கிருமி அவற்றில் வளரவே வளராது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

கொசுக்களில் எத்தனையோ இனங்கள் உண்டு. மலேரியாவைச் சுமக்கும் தகுதி அனாபிலிஸ் என்ற ஓர் இனத்துக்கு மட்டுமே. அது உட்காரும்போது வால் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உட்காரும். அதன் புழு தண்ணீரின் மேல்மட்டத்தில் படுக்கையாகக் கிடக்கும். மற்றக் கொசுக்களின் புழு தலைகீழாகத் தொங்கும். இந்த வித்தியாசம் எந்தப் புத்தகத்திலும் ராஸுக்குக் கிடைக்கவில்லை. பூச்சி சாஸ்திரம் தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இல்லை.

1897-ல் விடுமுறைக்கு ஊட்டி போனார். அருகே சீகூர்ப் பள்ளத்தாக்கில் மலேரியா அதிகம் என்று கேள்விப்பட்டு ஆராயச் சென்றார். கொசுவலைக்குள்தான் தூங்கினார். அப்படியும் அவரையே மலேரியா பிடித்துக்கொண்டது!

ஆகஸ்டு 20

அந்த ஆண்டு ஜூனில் ராஸ் மறுபடி செகந்தராபாத் வந்தார். வெயில் கொளுத்தியது. பங்கா இழுக்கச் சொல்லவும் வழியில்லை. காற்று அடித்தால் அறுத்து வைத்த கொசு பறந்துவிடும். நெற்றி வியர்வை சொட்டி மைக்ராஸ்கோப்பின் திருகாணிகள் துருப்பிடித்தன. கண் வைக்கும் கண்ணாடியில் கீறல் விழுந்தது. அந்த நிலையில் தினமும் மணிக்கணக்கில் குனிந்திருந்தார்.

ஆகஸ்டு மாதம் அவருடைய உதவியாட்கள் ஒரு புட்டியில் கொசுப்புழுக்களைக் கொண்டு வந்தார்கள். அவை வளர்ந்து பறந்தபோது, ராஸ் அதுவரை ஆராயாத பழுப்பு நிறக் கொசுக்களாக இருந்தன. இறக்கையில் புள்ளிகள். உசேன் கான் என்ற மலேரியா நோயாளியைக் கடிக்க அவற்றை விட்டார். ஒவ்வொரு கொசுவுக்கும் ஒரு அணா கூலி.

நாலு நாள் ஆயிற்று. அறுத்துப் பார்த்தவற்றில் ஒன்றும் இல்லை. சில தாமாகவே செத்தன. மிஞ்சியவை இரண்டே கொசுக்கள்.

1897 ஆகஸ்டு 20. ஒரு கொசுவை அறுத்தார். அதன் வயிற்றுச் சுவரில் வட்டமான சில உயிரணுக்கள் தெரிந்தன. அவற்றுக்குள் கறுப்புப் பொடி. மலேரியாக் கிருமிக்கே உரிய கறுப்பு அது. மறுநாள் கடைசிக் கொசுவை அறுத்தார். அதே உயிரணுக்கள் அதற்குள் இன்னும் பெரிதாக வளர்ந்திருந்தன. கிருமி கொசுவுக்குள் வளர்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? அன்றிரவு ராஸ் தம் பழைய வழக்கப்படி ஒரு கவிதை எழுதினார்.

உலகம் இன்று ஆகஸ்டு 20-ந் தேதியைக் கொசு தினமாக நினைவு கூர்கிறது.

கல்கத்தாக் குருவிகள்

இப்படி ஒரு கண்டுபிடிப்புச் செய்தவருக்கு அரசாங்கம் கொடுத்த பரிசு என்ன? மாற்றல் உத்தரவு! ராஜபுதனத்தில் கேர்வாரா என்ற மூலைக்கு அனுப்பினார்கள். அங்கே மலேரியா நோயாளிகளே கிடைக்கவில்லை. ராஸ் மான்ஸனுக்குப் புலம்பிக் கடிதம் எழுதினார். மான்ஸன் லண்டனில் பலரிடம் சொல்லி, 1898 பிப்ரவரியில் ராஸுக்குக் கல்கத்தாவில் தனி ஆராய்ச்சி வேலை வாங்கிக் கொடுத்தார்.

கல்கத்தாவில் வேறொரு தொல்லை. அப்போது பிளேக் பயம். ஊசி போடுவார்களோ என்று அஞ்சி, விரலில் குத்தி ரத்தம் எடுக்க யாரும் சம்மதிக்கவில்லை. ராஸ் பறவைகளின் பக்கம் திரும்பினார். குருவிகளுக்கும் ஒருவகை மலேரியா உண்டு.

இங்கேதான் ஒரு வேடிக்கை. மனித மலேரியாவில் அவரை ஏமாற்றிய அதே சாம்பல் நிறத் தொட்டிக் கொசு, பறவை மலேரியாவைச் சுமக்கும் கொசுவாக இருந்தது! 1898 ஜூலையில், கிருமி கொசுவின் வயிற்றில் வளர்ந்து, அங்கிருந்து அதன் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர்வதை ராஸ் கண்டார். அந்தக் கொசுக்களை விட்டு நல்ல குருவிகளைக் கடிக்கச் செய்தார். பெரும்பாலான குருவிகளுக்கு மலேரியா வந்தது. நோய் பரவுவது தண்ணீரால் அல்ல, காற்றால் அல்ல, கொசுவின் கடியால்தான் என்பது உறுதியாகிவிட்டது.

இந்த வேலையில் அவருக்கு வலக்கையாக இருந்தவர் கிஷோரி மோகன் பந்தோபாத்யாயா என்ற வங்காளி இளைஞர். 1903-ல் அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பிற்காலத்தில் அவர் கிராம மக்களிடையே மலேரியா ஒழிப்புக்காகப் பாடுபட்டார். தங்கள் விரலையும் கையையும் நீட்டிய ஏழை நோயாளிகள், புழுக்களைத் தேடிக் கொண்டுவந்த வேலையாட்கள், இவர்கள் இல்லாமல் ராஸின் வெற்றி இல்லை.

மனித மலேரியாவை அனாபிலிஸ் கொசு பரப்புவதை 1898-ம் ஆண்டின் இறுதியில் இத்தாலியில் கிராஸ்ஸி முதலானோர் முழுமையாக நிரூபித்தார்கள். யாருக்குப் பெருமை என்று ராஸுக்கும் கிராஸ்ஸிக்கும் பெரும் சண்டை மூண்டது. 1902-ல் நோபல் பரிசு ராஸுக்குத் தனியாகக் கிடைத்தது. அப்படியும் அவர் கோபம் அடங்கவில்லை.

தகர டப்பா வண்டிகள்

1899-ல் ராஸ் இந்தியாவை விட்டு, லிவர்பூல் வெப்பநாட்டு மருத்துவக் கல்லூரியில் ஆசிரியரானார். இனி ஆராய்ச்சி போதும், வேலை தொடங்கவேண்டும் என்பது அவர் எண்ணம். காரணம் தெரிந்துவிட்டது. வழியும் தெரியும். பெங்களூர்த் தொட்டியைக் கவிழ்த்ததுபோல் ஊரையே துப்புரவு செய்யவேண்டும்.

அதே ஆண்டு மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோனுக்குப் போனார். மலேரியாக் கொசுக்கள் அங்கே தெருவோரக் குட்டைகளில் வளர்வதைக் கண்டார். 1901-ல் கிளாஸ்கோ நகரக் கொடையாளி ஒருவர் பணம் தந்தார். ஆட்களைச் சேர்த்துக் கொசுப் படை அமைத்தார் ராஸ். ஒரு கூட்டம் வீடு வீடாகப் போய்த் தகர டப்பா, உடைந்த பானை, காலிப் புட்டி எல்லாவற்றையும் வண்டி வண்டியாக அள்ளியது. மற்றொரு கூட்டம் குட்டைகளை மூடியது. மூட முடியாத குட்டையில் எண்ணெய் ஊற்றியது. எண்ணெய்ப் படலம் பரவினால் புழு மூச்சுவிட முடியாமல் சாகும். இந்தப் படையை எப்படி நடத்துவது என்று 1902-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

சூயஸ் கால்வாய்க் கரையில் இஸ்மாயிலியா என்ற ஊர். கால்வாய்க் கம்பெனி கட்டிய ஊர். நன்னீர் வந்தது, தோட்டம் வந்தது, கூடவே மலேரியாவும் வந்தது. 1902-ல் கம்பெனி ராஸை அழைத்தது. அவர் சொன்னபடி சதுப்புகளைத் தூர்த்தார்கள். வீடுகளின் கழிவுநீர்க் குழிகளில் தவறாமல் எண்ணெய் விட்டார்கள். ஆயிரக்கணக்கில் இருந்த காய்ச்சல் மறு ஆண்டே சில நூறாகக் குறைந்தது. அமெரிக்கர்கள் இதே வழியைப் பின்பற்றிப் பனாமாக் கால்வாயை வெட்டி முடித்தார்கள்.

தோல்வியும் கணக்கும்

எல்லா இடத்திலும் இப்படி நடந்துவிடவில்லை. சியரா லியோனில் பணம் தீர்ந்ததும் வேலை தளர்ந்தது. கொசு திரும்பியது. லாகூருக்கு அருகில் மியான் மிர் ராணுவ முகாமில் சோதனை செய்த டாக்டர்கள், வாய்க்கால்களை அடைத்தும் எண்ணெய் ஊற்றியும் கொசு ஒழியவில்லை என்று அறிக்கை எழுதினார்கள். அரசாங்கம் அதையே பிடித்துக்கொண்டது. கொசு ஒழிப்புக்குப் பணம் செலவிடுவது வீண் என்ற பேச்சு வலுத்தது. சிறிய இடத்தில் அரைகுறையாகச் செய்தால் பலன் எப்படிக் கிடைக்கும் என்று ராஸ் கொதித்தார்.

கோபத்தோடு நிற்காமல் கணக்குப் போட்டார். அவர் இளமையில் பொழுதுபோக்காகப் படித்த கணிதம் அங்கே கைகொடுத்தது. 1907, 1908 ஆண்டுகளில் மொரீஷியஸ் தீவுக்குப் போய் வந்த பிறகு அந்தக் கணக்கை விரிவாக எழுதினார். அதன் சாரம் இது. மலேரியாவை ஒழிக்க ஒரு கொசு விடாமல் கொல்லவேண்டிய அவசியம் இல்லை. கொசுவின் எண்ணிக்கை ஒரு அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் நோய் தானாகவே மடியத் தொடங்கும். ஆனால் அந்த அளவுக்குக் கீழேயே அதை வைத்திருக்கவேண்டும். தொற்றுநோய்க் கணக்கு என்று இன்று வளர்ந்திருக்கும் பெரிய சாஸ்திரத்துக்கு இது ஓர் அஸ்திவாரம்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும். பத்து வீட்டார் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, பதினோராம் வீட்டார் சும்மா இருந்தாலும் கணிசமான பலன் உண்டு. ஒரே ஒருவர் கழுவிவிட்டுத் தெருவே சும்மா இருந்தால்தான் பலன் இல்லை.

கடைசி நாட்கள்

1911-ல் ராஸுக்கு சர் பட்டம் கிடைத்தது. ஆனால் மனநிறைவு கிடைக்கவில்லை. அம்மைப்பால் கண்டுபிடித்த ஜென்னருக்கு ஒரு காலத்தில் பாராளுமன்றம் பண முடிப்பு வழங்கியது. அதுபோல் தமக்கும் வழங்கவேண்டும் என்று கேட்டார். அரசாங்கம் மறுத்துவிட்டது. 1914-ல் முதல் உலக யுத்தத்தின் தொடக்கத்திலேயே அவருடைய மூத்த மகன் போர்முனையில் மடிந்தான்.

1926-ல் லண்டனில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. 1927 ஜனவரியில் அவர் கல்கத்தா வந்தார். முன்பு வேலை செய்த ஆஸ்பத்திரியின் சுற்றுச்சுவரில் அவருக்காக எழுப்பிய நினைவு வாயில், அவர் முன்னிலையிலேயே திறந்து வைக்கப்பட்டது. மறு ஆண்டு பண நெருக்கடியால் தம் கடிதங்களையும் குறிப்புகளையும் விற்கவேண்டி வந்தது. 1931-ல் மனைவி காலமானார். 1932 செப்டம்பர் 16-ந் தேதி லண்டனில் ராஸும் மறைந்தார். அவருக்கு வயது 75.

மருந்து வந்தது, போயிற்று

ராஸ் மறைந்த பிறகு டி.டி.டி. மருந்து வந்தது. 1947-ல் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா வந்ததாகவும், எட்டு லட்சம் பேர் இறந்ததாகவும் மதிப்பிட்டார்கள். 1953-ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளித்தார்கள். 1965 வாக்கில் நோயாளிகள் சுமார் ஒரு லட்சமாகக் குறைந்தார்கள். நோய் தொலைந்தது என்றே எண்ணினார்கள்.

ஆனால் கொசு மருந்துக்குப் பழகிக்கொண்டது. கவனமும் தளர்ந்தது. 1976-ல் மறுபடியும் 64 லட்சம் பேருக்கு மலேரியா! தண்ணீரைக் கவனிக்காமல் மருந்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை நாடு கண்டது. பிறகு பல முயற்சிகளால் மலேரியா வெகுவாகக் குறைந்திருக்கிறது. அந்த இடத்துக்கு டெங்குவும் சிக்குன்குனியாவும் வந்துவிட்டன. அவற்றைப் பரப்புவது ஏடிஸ் கொசு. உடம்பில் வெள்ளை வரி போட்டது; பகலில் கடிப்பது; தொட்டியிலும் டயரிலும் பூச்சட்டித் தட்டிலும் வளர்வது. வரி போட்ட கொசுவில் மலேரியாக் கிருமி இல்லை என்று ராஸ் அலுத்து ஒதுக்கினார். அந்த வகைக் கொசுதான் இன்று நகரத்தை ஆட்டிவைக்கிறது. நகரத்து மலேரியாவைப் பரப்பும் கொசுவோ, கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் முட்டையிடுகிறது.

கொல்லைப்புறத்தில் செய்ய வேண்டியது

கொசுவின் முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க நம் தட்பவெப்பத்தில் ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். ஆகவே வாரம் ஒரு நாள் போதும். அன்று தொட்டி, டிரம், வாளி, பூச்சட்டித் தட்டு, பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துக் காயவிட்டால் ஒரு தலைமுறைக் கொசு ஒழிந்தது. தொட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுவது முக்கியம். ஏடிஸ் கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

தாமரைத் தொட்டியையும் கொல்லைக் குளத்தையும் வாரம் ஒரு முறை கவிழ்க்க முடியாதே என்று கேட்கலாம். அதற்கு மீன் இருக்கிறது. கம்பூசியா என்ற சின்ன மீன் 1920-களின் இறுதியில் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. கப்பி மீன் அதற்கும் முன்பே வந்துவிட்டது. இரண்டும் கொசுப்புழுவை விரும்பித் தின்னும். ஆனால் இவற்றை ஏரியிலும் ஓடையிலும் விடக்கூடாது. அங்குள்ள மீன் குஞ்சுகளையும் தவளைக் குஞ்சுகளையும் தின்றுவிடும். நெற்றியில் வெள்ளிப் பொட்டு மின்ன நீர்மட்டத்தில் மிதக்கும் நம் நாட்டுச் சிறு மீனும் இதே வேலையைச் செய்யும்.

மீனை விட்டால் மட்டும் போதாது. குளத்தின் ஓரத்துப் புல்லையும் பாசியையும் அகற்றவேண்டும். புழு ஒளிந்துகொள்வது அங்கேதான். மீன் அங்கே நுழையாது. மீன் உள்ள தண்ணீரில் மண்ணெண்ணெய் விடக்கூடாது, மீன் செத்துவிடும். குடிநீரிலும் கூடாது. மீன் விட முடியாத இடத்துக்குக் கொசுப்புழுவை மட்டும் கொல்லும் நுண்ணுயிர் மருந்து இருக்கிறது. கிணற்றுக்கும் மாடித் தொட்டிக்கும் இடுக்கில்லாத மூடி வேண்டும்.

இவற்றில் எதுவும் புதிய விஷயம் அல்ல. இதைச் செய்ய நோபல் பரிசு வாங்கிய மூளையும் தேவையில்லை. அரை மணி நேரம் குனிந்து நிமிர்ந்தால் போதும். ராஸ் கேட்டதும் அவ்வளவுதான். கொசுவைப் பொறுத்துக்கொள்வது மனிதன் கடமை என்று இன்று யாரும் சொல்வதில்லை. ஆனால் வாய் திறந்து சொல்லாமலே பல வீட்டுக் கொல்லையில் அந்த அதிகாரியின் வாதம் இன்னும் ஜெயித்துக்கொண்டுதான் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதைத் தோற்கடிக்கலாம்.